கோழி எருவும் 93ஆம் எண்ணும்

உரத்தின் கதையை எழுதியவர்கள் மாட்டோடு நின்றுவிட்டார்கள். மாட்டுச்சாணம் வண்டியேறி வயலுக்குப் போனது, ஆண்களின் கணக்கில் சேர்ந்தது. கோழி எச்சம் கொல்லையைத் தாண்டவில்லை. அவரைப் பந்தலுக்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போய் முடிந்துவிட்டது. மாடு இல்லாத, நிலம் இல்லாத வீட்டிலும் நாலு கோழி இருக்கும். ஆகவே இதை நிலமற்றவர்களின் எரு, அதிலும் பெண்களின் எரு என்று சொல்லத் துணிகிறேன்.

இலக்கியத்தில் தேடினால் கோழி கிடைக்கிறது, எச்சத்தை அள்ளிய கை கிடைப்பதில்லை. பட்டினப்பாலையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் சற்று நின்றுவிடுவேன். காயும் உணவைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறார்கள்; அது சிறுவர்களின் முக்கால் சிறுதேருக்குக் குறுக்கே கிடக்கிறது. நகரின் செல்வத்துக்குச் சான்று என்று எழுதினால் மதிப்பெண் போடுவோம். அந்தக் கோழி இரவில் அடைந்த இடத்தை மறுநாள் கூட்டியது யார் என்று ஒரு மாணவி கேட்டாள். உரையாசிரியர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வள்ளுவர் எருவிடுவதை ஏரோட்டுவதற்கும் மேலாக வைத்தார். கூடை யார் தலையில் இருந்தது என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தலித் பெண்களின் தலையில் இருந்தது.

என் அம்மாச்சி பஞ்சாரத்தைத் தூக்கியதும் தரையில் ஒட்டியிருப்பதை ஓட்டாஞ்சில்லால் சுரண்டி எடுப்பார். நேராகச் செடிக்குப் போடமாட்டார். "பச்சைக் கோழிப்பீ வேரைச் சுட்டுப்புடும்" என்பார். சரிதான். கோழிக்குச் சிறுநீர் தனியே போவதில்லை. யூரிக் அமிலமாக எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறுகிறது. அதனால்தான் மாட்டுச்சாணத்தைவிட அதில் தழைச்சத்து கூடுதல். அது சிதையும்போது கிளம்பும் அம்மோனியாதான் நம் மூக்கையும் இளவேரையும் எரிக்கிறது. ஒரு கூடை எச்சத்துக்கு நாலைந்து கூடை சருகும் கூளமும் உமியுமாகக் குழியில் மாற்றி மாற்றிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரத்துக்கொருமுறை புரட்டுவார். உள்ளே கைவிட்டுச் சூடு பார்ப்பார். சூடு அடங்கி, நெடி போய், மழை நனைத்த மண்ணின் வாசம் வர மூன்று மாதம் ஆகும். அதன்பிறகும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைப்பார். கீரைப்பாத்தியில் மக்காத எருவுக்கு இடமே இல்லை. சால்மோனெல்லா என்ற பெயர் அவருக்குத் தெரியாது. பேன் பற்றாமலிருக்கக் கூட்டில் அடுப்புச் சாம்பல் தூவியதைத்தான் வேளாண் படிப்பாளிகள் ஒப்பமாட்டார்கள், சாம்பலின் காரத்தன்மை தழைச்சத்தை ஆவியாக விரட்டிவிடும். அவருக்குக் கோழி பிழைப்பது முக்கியம். முட்டைக் காசுதான் அவர் கையில் புழங்கிய ஒரே காசு.

ஏட்டில் ஏறிய மட்கு உரத்திலும் ஒரு பெண் இருக்கிறார். இந்தூர் முறை என்றதும் ஆல்பர்ட் ஹோவர்ட் என்போம். பூசாவிலும் பிறகு இந்தூரிலும் அவரோடு ஆய்வு செய்த மனைவி கேப்ரியல், கேம்பிரிட்ஜில் படித்த தாவரவியலாளர். 1930இல் இறந்தார். முறையை விளக்கிய நூல் 1931இல் ஆல்பர்ட், யஷ்வந்த் வாட் ஆகியோர் பெயர்களில் வந்தது. நான் போன இயற்கை வேளாண்மைக் கூட்டம் எதிலும் கேப்ரியலின் பெயரைக் கேட்டதில்லை.

எனக்கு அதைவிட உறுத்தும் ஆவணம் தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுவேலையோடு வீட்டுத் தேவைக்கு விறகு, காய்கறி, தீவனம் சேகரிப்பவருக்கு 93. இரண்டுமே தொழிலாளர் கணக்குக்கு வெளியே. 1977-78 சுற்றில் இந்த எண்கள் பெற்ற பெண்களிடம் துணைக்கேள்விகள் கேட்டார்கள்: வீட்டுத்தோட்டம் பராமரிக்கிறீர்களா, வீட்டில் கோழி வளர்ப்பில் வேலை செய்கிறீர்களா, விறகு பொறுக்குகிறீர்களா? ஆம் என்றவர்களின் பதில்கள் அட்டவணையாயின. எண் மாறவில்லை. தெரியாமல் விடுபட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டு, எழுதி, அதன்பிறகு வெளியே வைத்தார்கள்.

அதே எச்சம் நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரியில் கிளம்பும்போது மூட்டைக்கு விலை வந்துவிடுகிறது. மாடித்தோட்டத்துக்கு நானும் வாங்குகிறேன். சில சமயம் ஈரம்கூடக் காயாமல் வருகிறது. சருகு கலந்து மூன்று மாதம் மூடி வைப்பேன். கடைக்காரர் அது வீண்வேலை என்கிறார்.

சென்ற பருவத்தில் மாணவிகளிடம் தம் வீட்டுப் பெண்களின் ஒருநாள் வேலையை மணிவாரியாக எழுதிவரச் சொன்னேன். கோழி வளர்க்கும் வீடுகளிலிருந்து பதினோரு தாள்கள் வந்தன. கூடு கூட்டுவது இரண்டில்தான் இருந்தது. மற்ற ஒன்பது பேரையும் திரும்பப் போய்க் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.