விழித்த சிங்கமும் உறங்கிய சிங்கமும்

ஒருவர் பாடிய பாட்டைப் பிறிதொருவர் எடுத்துப் பாடுவது உலகெங்கும் உள்ள வழக்கமே, அதில் குற்றமில்லை. ஆயினும், அவ்வாறு பாடும்போது பாட்டில் எது மாறிற்று, யார் பெயர் மறைந்தது என்று வினவுவது வரலாறு பயிலும் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

1939ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், கேலோ இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சாலமன் லிண்டா என்னும் ஜூலு இனத்தவர் தம் குழுவினருடன் ஒரு பாட்டைப் பாடினார். அந்நிறுவனத்திலேயே இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி வந்த தொழிலாளி அவர். பாட்டின் பெயர் 'ம்பூபே'. ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். தோழர்கள் தாழ்ந்த குரலில் ஒரே தொடரைத் திரும்பத் திரும்ப முழங்கினர். லிண்டாவோ அம்முழக்கத்தின்மேல் தம் குரலை உச்சத்தில் உலவவிட்டார். பாட்டு முடியும் தறுவாயில், முன்னேற்பாடு எதுவுமின்றி, புதியதோர் இன்னிசை அவர் வாயிற் பிறந்தது. சில நொடிகளே ஒலித்தது. அச்சில நொடிகளை நினைவில் வையுங்கள்.

பாட்டின் உரிமை சொற்பத் தொகைக்கு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. இசைத்தட்டு அமெரிக்காவை அடைந்தது. அங்கே பீட் சீகர் என்னும் நாட்டுப்பாடகர் அதைக் கேட்டு மகிழ்ந்தார். 'நீ சிங்கம்' என்று பொருள்படும் ஜூலுச் சொல் அவர் செவியில் 'விமோவே' என்று விழுந்தது. பொருளற்ற அச்சொல்லே தலைப்பாக, அவருடைய 'வீவர்ஸ்' குழுவினரின் இசைத்தட்டு 1952இல் வெளிவந்தது. பின்னர் 1961இல் 'டோக்கன்ஸ்' என்னும் இளைஞர் குழு, ஜார்ஜ் வைஸ் எழுதிய ஆங்கிலச் சொற்களுடன் அதைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேற்றுமை விளங்கும். மூலப் பாட்டில் சிங்கம் விழித்திருக்கிறது. குரல்களில் வேட்டையின் வேகம் உண்டு. ஆங்கிலப் பாட்டிலோ அது உறங்குகிறது; பாட்டும் தாலாட்டுப் போலாகிவிடுகிறது. அதுவும் செவிக்கு இனியதே. ஆனால் அவ்வினிமைக்கு உயிர் எது? லிண்டா இறுதியில் சில நொடிகள் பாடிய அந்த இன்னிசைதான்! அதையே எடுத்துப் பாட்டின் உடலாக ஆக்கினர். ஆசிரியர் பெயர்களிலோ லிண்டாவுக்கு இடமில்லை. சீகர் அவருக்குப் பணம் அனுப்பச் செய்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் 1962இல் லிண்டா ஏழையாகவே மறைந்தார்.

1994இல் டிஸ்னி நிறுவனத்தின் 'லயன் கிங்' திரைப்படத்திலும் அவ்விசை ஒலித்தது. 2000ஆம் ஆண்டில் ரையன் மலான் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இவ்வரலாற்றை விரிவாக எழுதினார். அதன்பின் கைகொடுத்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டானியப் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப்பின் அது வாரிசுகளுக்கே மீளும் என்பது அதன் விதி. பேரரசு இயற்றிய சட்டம் ஜூலுத் தொழிலாளியின் குடும்பத்திற்குத் துணைநின்றது விந்தைதான்! 2004இல் வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் உடன்பாடு ஏற்பட்டது. லிண்டாவின் பெண்மக்களுக்குப் பங்கு கிடைத்தது; லிண்டாவும் அப்பாட்டின் இணை ஆசிரியராக ஏற்கப்பட்டார். அப்போது அவர் மறைந்து 43 ஆண்டுகள் கடந்திருந்தன.