அம்பு நஞ்சு மருந்தான வரலாறு

அம்பு தைத்த விலங்கு சிறிது தூரம் ஓடி வீழ்ந்து மடிகிறது. வேடர்கள் அம்பு பாய்ந்த இடத்துச் சதையை மட்டும் அரிந்து எறிந்துவிட்டு, எஞ்சிய இறைச்சியைச் சமைத்து உண்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை! குருதியில் கலந்தால் கொல்லும் நஞ்சு, வயிற்றுக்குள் சென்றால் மட்டும் அடங்கிப்போவது ஏன்? இதற்கு விடை காண நாம் ஆப்பிரிக்காவின் ஸாம்பசி ஆற்றுப் பகுதிக்குச் செல்லவேண்டும்.

அங்கே மரங்களைப் பற்றிப் படரும் ஒரு கொடியின் விதைகளை அரைத்து, வேடர்கள் அம்பு முனைகளில் பூசி வந்தனர். அக்கொடியினத்தின் பெயர் ஸ்ட்ரோபாந்தஸ். 'முறுக்கிய கயிறு', 'பூ' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அது. இதழ்களின் நுனி வால்போல் நீண்டு முறுக்கிக்கொண்டிருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது.

1858ஆம் ஆண்டு ஸாம்பசிக்குச் சென்ற லிவிங்ஸ்டனின் ஆய்வுக் குழுவில் ஜான் கிர்க் என்ற மருத்துவர் இருந்தார். அவருடைய பல் துலக்கும் பிரஷ்ஷில் இந்நஞ்சு எப்படியோ ஒட்டிக்கொண்டது. பல் துலக்கியபோது வாய் கசந்தது. நாடித் துடிப்பும் குறைந்தது. இந்நஞ்சு இதயத்தைத் தாக்குகிறது என்பது அவருக்குப் புலனாயிற்று.

எடின்பரோ நகரில் தாமஸ் பிரேசர் இவ்விதைகளை ஆராய்ந்து, 'ஸ்ட்ரோபாந்தின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். 1885இல் அதனை இதய மருந்தாகவும் அறிமுகப்படுத்தினார். ஆனால் வாய்வழி கொடுத்தபோது அதன் பலன் சீராக இல்லை. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் பிரேங்கல் அதனைச் சிரையில் ஊசிமூலம் செலுத்தினார். நல்ல பலன் விரைவில் கிட்டியது. காரணம் என்ன? குடல் இப்பொருளை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. வேடர்கள் இறைச்சியை அச்சமின்றி உண்டதற்கும் இதுவே காரணம்! மருத்துவர்கள் பல ஆண்டுகள் முயன்று அறிந்ததை அவ்வேடர்கள் அனுபவத்தால் முன்பே அறிந்திருந்தனர்.

இம்மருந்து செயல்படும் முறை பின்னரே விளங்கிற்று. உயிரணுவிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் ஒரு நொதியை டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசு பெற்றார். இக்கொடியின் நஞ்சு அந்நொதியைத் தடுக்கிறது. அதனால் இதயத் தசையணுக்களில் கால்சியம் மிகுகிறது. தசை வலுவுடன் சுருங்குகிறது. அளவு மீறினாலோ துடிப்பே குலைந்துவிடும். இதனால்தான் மருந்தும் நஞ்சும் ஒரே விதையில் இருக்கின்றன.

நம் தோட்டத்து அரளியும் இக்கொடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: அரளியின் நஞ்சைக் குடல் நன்றாகவே உறிஞ்சும். வாயில் இட்டாலும் அது உயிரைக் குடிக்கும்!