பங்காக் கயிறு முதல் உணர்கருவி வரை: சிங்கப்பூர் இல்லங்களில் குளிர்ச்சியின் வரலாறு

முன்னுரை

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள சிங்கப்பூரில் வேனில், கூதிர் எனப் பருவங்கள் பிரிவதில்லை. பகலில் 31 முதல் 33 பாகை செல்சியசு வரை ஏறும் வெப்பம் இரவிலும் 25 பாகையளவில் நின்றுவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 82 விழுக்காட்டை ஒட்டியது. ஆதலின் இந்நகரத்தாரின் துன்பம் வெயிலைவிடப் புழுக்கத்தாலேயே மிகுதி எனலாம்.

இன்று இந்நகரின் இல்லங்கள் பலவற்றில் விளக்கும் விசிறியும் குளிரூட்டியும் ஆள் தொடாமலே இயங்குகின்றன. கைப்பேசியில் இட்ட கட்டளையோ சுவரில் பதித்த உணர்கருவியோ அவற்றை இயக்குகிறது. இதனை முற்றிலும் புதியதாகக் கருதுவோர் பலர். நாம் இதனை ஒரு நீண்ட வரலாற்றின் அண்மைப் பகுதியாகவே காண்கிறோம். வீட்டைக் குளிர்விக்கும் உழைப்பை யார் செய்தனர், அவர் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார் என்னும் வினாவை முன்வைத்து அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வினாவில் தமிழர்க்கும் பங்குண்டு.

காலதரும் ஐந்தடியும்

பழந்தமிழர் சாளரத்திற்கு இட்ட பெயர்களுள் ஒன்று ‘காலதர்’ என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்னும் இப்பெயரிலேயே அதன் பயனும் அடங்கியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதை வேனிற்பள்ளியையும் கூதிர்ப்பள்ளியையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. பருவத்திற்கேற்பப் படுக்கையிடத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கம் செல்வர் மனைகளில் இருந்தது என்பதை இதனால் அறியலாம். வீடு அசையாது நின்றது, வீட்டிலுள்ளார் இடம்பெயர்ந்தனர்.

பருவம் மாறாத சிங்கப்பூரில் இவ்வழி பயன்படாது. இங்கு உருவான கடைவீடு வேறொரு தீர்வைக் கண்டது. ராஃபிள்ஸ் 1822-இல் நகர்க்குழுவிற்கு வழங்கிய அறிவுரைகளில், வீடுகள்தோறும் முன்புறத்தில் கூரையிட்ட தாழ்வாரம் அமைந்து, தெருவின் இருமருங்கும் அவை இடையறாத நடைவழியாக இணையவேண்டும் என்று பணித்தார். பின்னாளில் ‘ஐந்தடி’ என்று நம்மவர் வழங்கிய நடைபாதை அதுவே. வெயிலுக்கும் மழைக்கும் ஒருங்கே காப்பாயிற்று. ஒடுங்கி நீண்ட கடைவீட்டின் நடுவே விடப்பட்ட திறந்த முற்றம் சூடான காற்றை மேலே செலுத்தியது. தெருப்பக்கத்து மரச் சட்டச் சன்னல்கள் ஒளியைத் தடுத்துக் காற்றை விட்டன. கெர்பாவ் சாலையில் 1900-இல் எழுந்த டான் டெங் நியா இல்லத்தைச் சுற்றுலாப் பயணிகள் அதன் வண்ணங்களுக்காகப் படம்பிடிக்கின்றனர்; அக்காலத்து வீடுகளின் காற்றோட்ட அமைப்பைக் காட்டவும் மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லலாம்.

கயிற்றின் மறுமுனை

காற்று வீசாத வேளையில் காற்றை உண்டாக்க ஆள் தேவைப்பட்டார். உத்தரத்திலிருந்து தொங்கும் நீண்ட துணிச்சட்டத்தைக் கயிறுகொண்டு முன்னும் பின்னும் இழுப்பதே பங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வாழ்ந்த பங்களாக்களிலும் அலுவலகங்களிலும் தேவாலயங்களிலும் இது வழக்கிலிருந்தது. கயிறு பெரும்பாலும் சுவரிலிட்ட துளைவழியே வெளியே செல்லும். இழுப்பவர் தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பார். உள்ளே இருப்பவர்க்குக் காற்று வந்தது, ஆள் கண்ணிற்படவில்லை.

இவ்வமைப்பில் நம் கவனத்திற்குரியது அத்துளையே. பணியாளர் பேச்சைக் கேளாதிருக்கவும், அவரைக் காணாதிருக்கவும், ஆயினும் அவர் உழைப்பு இடையறாது வந்துகொண்டிருக்கவும் செய்த ஏற்பாடு அது. வீட்டைத் தானியங்கச் செய்தல் என்னும் கருத்தின் முதல் வடிவம் இதுவே என்று கொள்வதில் தவறில்லை. இயங்கியது எந்திரமன்று, மனிதர் என்பதே வேறுபாடு.

சிங்கப்பூரில் இத்தகைய ஏவற்பணிகளில் இந்தியர் ஈடுபட்டிருந்தனர். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் முதலில் வந்திறங்கிய 80 பேர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். சாலைகள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், இன்று இஸ்தானா என வழங்கும் ஆளுநர் மாளிகை ஆகியவை கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. நன்னடத்தை உடையோர் அலுவலகங்களிலும் இல்லங்களிலும் பணியாளராகவும் அமர்த்தப்பட்டனர். கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் 1899-இல் வெளியிட்ட நூல் அவர்தம் வகுப்புகளையும் பணிகளையும் விரித்துரைக்கிறது. அனோமா பியரிஸ் 2009-இல் எழுதிய ஆய்வுநூல் தன் தலைப்பிலேயே அவர்களை மறைந்த கைகள் என்று சுட்டுகிறது. கட்டடங்களின் பெயரை நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கயிற்றை இழுத்தவரைப் பற்றிய ஒரு வரியேனும் பாடநூல்களில் இடம்பெறவேண்டும் என்பது நமது கருத்து.

மக்கென்ஸி சாலையில் மின்சாரம்

பங்காவை வீழ்த்தியது மின்விசிறி. ராஃபிள்ஸ் ஓட்டலின் முதன்மைக் கட்டடம் 1899-இல் மின்விளக்குகளுடனும் மின்விசிறிகளுடனும் திறக்கப்பட்டது. நகருக்கு மின்சாரம் வந்த வழி தேக்கா வட்டாரத்தை ஒட்டியது என்பது பலரும் கவனியாத செய்தி. 1905-இல் ஓடத்தொடங்கிய மின் டிராம் வண்டிகளுக்கான மின்நிலையம் மக்கென்ஸி சாலையில் அமைந்தது. அந்நிலையத்தின் மின்சாரத்தை நகராட்சி விலைக்கு வாங்கி, 1906-இல் ராஃபிள்ஸ் பிளேஸ் உள்ளிட்ட சில இடங்களில் தெருவிளக்குகளை ஏற்றியது. இருபதாண்டுகள் கழித்தே செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

மின்விசிறியால் கயிறிழுப்பவரின் வேலை போயிற்று. உழைப்பு போய்விடவில்லை, கரி அள்ளுமிடத்திற்கும் கம்பி புதைக்கும் பள்ளத்திற்கும் அது நகர்ந்தது. நகராட்சியின் நாட்கூலித் தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். சுவருக்கு அப்பால் இருந்த கை ஊருக்கு அப்பால் சென்றது எனலாம்.

குளிரூட்டியும் ஈரமும்

வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்திற்காக வகுத்த கருவியே இன்றைய குளிரூட்டியின் முன்னோடி. காகிதம் ஈரத்தால் விரிந்து வண்ணங்கள் பிசகாமலிருக்கவே அதனை அவர் வகுத்தார். காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் முதல் நோக்கம். மனிதரின் இன்பம் பின்னர் வந்தது. சிங்கப்பூர் போன்ற நகரை ஆராய்வோர் இவ்வுண்மையை மறத்தலாகாது. ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாவதில்லை. ஆகவே உடல் தன் வெப்பத்தை விடுவதில்லை. வெப்பமானியை மட்டும் பார்த்து அறையின் நிலையை முடிவுசெய்வது இங்குப் பாதி உண்மையே.

1939-இல் திறக்கப்பட்ட கேத்தே திரையரங்கு குளிர்காற்றைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. அது நின்ற இடம், சலவைத் தொழிலாளரின் பெயரைத் தாங்கிய டோபி காட் பகுதி. ஆட்சிப்பொறுப்பேற்ற பின் அரசு அலுவலகங்களில் குளிரூட்டிகளை அமைக்கச் செய்ததைத் தம் தொடக்ககாலச் செயல்களுள் ஒன்றாக லீ குவான் இயூ பின்னாளில் எடுத்துரைத்தார். நூற்றாண்டின் பெருங்கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகவும் அதனை அவர் மதித்தார். அலுவலகத்திலிருந்து அது இல்லத்திற்கு வரச் சில பதின்ம ஆண்டுகள் பிடித்தன. 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தொடக்ககால அடுக்குமாடிகள் எதிரெதிர்ச் சன்னல்களையும் திறந்த தாழ்வாரங்களையும் நம்பியே கட்டப்பட்டவை.

குளிரூட்டி வந்தபின் சன்னல் மூடப்பட்டது. காலதர் தன் பெயர்ப்பொருளை இழந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 2017-ஆம் ஆண்டு ஆய்வின்படி இல்லங்களின் மின்பயனீட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குளிரூட்டிக்கே சென்றது. 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவில் கடைவீட்டின் முகப்பு காக்கப்படுகிறது. குளிரூட்டியின் வெளிப்பெட்டிகளோ பின்சந்துகளில் அடுக்கப்பட்டு அங்கே வெப்பத்தைக் கக்குகின்றன. ஓர் அறையின் குளிர்ச்சி அண்டைச் சந்தின் வெம்மை ஆவதைச் சிராங்கூன் சாலையின் பின்புறம் நடப்போர் உடலால் உணர்வர்.

அறிவார்ந்த தேசமும் அறிவார்ந்த இல்லமும்

கணினி வழியே நாட்டை இணைக்கும் எண்ணம் சிங்கப்பூருக்குப் புதிதன்று. ‘ஐடி2000’ என்னும் திட்டம் 1992-இலேயே அறிவுத்தீவு ஒன்றைக் கனவுகண்டது. 2014 நவம்பரில் ‘அறிவார்ந்த தேசம்’ திட்டம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறிவார்ந்த நகர்களுக்கான சட்டகத்தை வகுத்தது. ஜூரோங் கிழக்கிலுள்ள யுஹுவா குடியிருப்பு, மக்கள் ஏற்கெனவே வாழும் பேட்டைகளுள் முதலாவதாக இச்சோதனைக்குத் தெரிவுசெய்யப்பட்டது. பொங்கோலின் நார்த்ஷோர் பகுதியில் கட்டும்போதே அதற்கேற்ற மின்பெட்டிகளும் மின்செருகிகளும் பதிக்கப்பட்டன.

நடைமுறையில் இல்லத்தைத் தானியங்கச் செய்வோர் எதிர்கொள்ளும் இடர்கள் இந்நகருக்கே உரியவை. முதலாவது சுவர். அடுக்குமாடிகளின் கம்பியிட்ட கற்காரை கம்பியில்லா அலைகளைத் தளர்த்துகிறது. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிப் புதிய வீடுகளில் இடம்பெற்ற தற்காப்பு அறை தடித்த சுவர்களும் இரும்புக் கதவும் உடையது. அலைபரப்பியை அதனுள் வைத்தால் வீட்டின் பிற பகுதிகளுக்குக் கட்டளை எட்டாது. அடுத்தது குளிரூட்டி. பழைய குளிரூட்டிகள் அகச்சிவப்புக் கைக்கருவிக்கு மட்டுமே செவிசாய்க்கும். அக்கருவியின் ஒளிக்குறிகளைக் கற்றுத் தானே அனுப்பும் சிறு பெட்டியொன்றை அறையில் வைத்தாலன்றி அவற்றை இணைத்தல் இயலாது. அப்பெட்டி கட்டளையை அனுப்புமேயன்றி, குளிரூட்டி அதனை ஏற்றதா என்பதை அறியாது. ஆகவே அறையின் வெப்பத்தை அளக்கும் தனி உணர்கருவி வேண்டும். ஈரத்தையும் அளப்பதாயின் நன்று. குளிரூட்டியை 25 பாகைக்குக் குறையாமல் வைத்து விசிறியையும் உடன் சுழலவிடுவதே மின்சாரத்தைச் சேமிக்கும் வழி. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலின்மேல் நிற்கும் ஈரக்காற்றை அகற்றுகிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வது வீண். உணர்கருவி மிகப் பயன்படுவது இந்த இடத்திலேதான். விலையுயர்ந்த விளக்குகளை நிறம் மாற்றச் செய்வதை நாம் இவ்வரிசையில் சேர்க்கவில்லை.

சிங்கப்பூரில் பதிவான மிகையளவு வெப்பம் 37 பாகை. 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதத்தில் அங் மோ கியோவிலும் அது பதிவாயிற்று. அத் தெங்காவிலேயே இன்று புதுநகரொன்று எழுந்து வருகிறது. அங்குக் கூரைமேல் குளிர்விக்கப்பட்ட நீர் குழாய்வழியே வீடுகளுக்கு வருகிறது. குடியிருப்பாளர் அதனைக் கைப்பேசியால் கட்டுப்படுத்துகின்றனர். வீடுதோறும் வெளிப்பெட்டி தேவையில்லை. 2023-இல் குடியேறியோர் சிலரின் வீடுகளில் நீர் வியர்த்துக் கசிந்ததாகக் குறைகள் எழுந்தன. குளிர்ந்த குழாயை ஈரக்காற்று தீண்டினால் நீர் திரளும் என்பது எளிய இயற்பியல். கேரியரின் அச்சகத்தில் தொடங்கிய சிக்கல் தெங்காவின் உட்கூரை வரை தொடர்கிறது.

கட்டளைகள் சென்றுசேரும் இடத்தையும் நாம் கருதவேண்டும். கைப்பேசியில் இட்ட சொல் பல வேளைகளில் தொலைவிலுள்ள தரவு மையத்திற்குச் சென்று மீண்டு வந்தே அடுத்த அறையின் விசிறியைச் சுழற்றுகிறது. 2020-ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்பயனீட்டில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் கொண்டன. 2019-இல் புதிய மையங்களுக்கான ஒப்புதலை நிறுத்திவைத்த அரசு 2022-இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வழங்கியது. அம்மையங்களுக்கும் குளிர்ச்சி வேண்டும். அவற்றை 26 பாகையிலோ அதற்கு மேலோ இயக்குவதற்கு வழிகாட்டும் தரமுறை 2023-இல் வெளியிடப்பட்டது. பங்காக் கயிறு செல்லும் துளை பெரிதாகிவிட்டது. மறுமுனையில் இருப்பதைக் காண்பது முன்னைவிடவும் அரிதாயிற்று.

அழைக்கப்படும் ஆள்

மின்சார வெப்பக்கட்டுப்படுத்தியை 1883-இல் கண்ட வாரன் ஜான்சன் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். வகுப்பறைதோறும் பணியாளர் வந்து வெப்பத்தைப் பார்த்துச் செல்வது பாடத்திற்கு இடையூறாக இருந்தது. அவர் அமைத்த கருவி தானே எதையும் சரிசெய்யவில்லை. அறை குளிர்ந்தாலோ சூடேறினாலோ கீழ்த்தளத்தில் இருந்த பணியாளர்க்கு மணியடித்தது, அவ்வளவே. ஆசிரியப் பெருமக்கள் இக்கண்டுபிடிப்பாளரைத் தம்மவராகக் கொள்ளலாம்.

யுஹுவாவில் சோதிக்கப்பட்ட அமைப்புகளுள் முதியோர் கண்காணிப்பும் ஒன்று. தனித்து வாழும் முதியவரின் கதவிலும் அறைகளிலும் பொருத்திய உணர்கருவிகள் அவரது அன்றாட நடமாட்டத்தைக் கற்றுக்கொள்கின்றன. வழக்கத்திற்கு மாறாக நெடுநேரம் அசைவில்லையெனில் பராமரிப்பவரின் கைப்பேசிக்குச் செய்தி செல்கிறது. வெப்பம் மிகுந்த நாட்களில் முதியோரே முதலில் தளர்வர் என்பதால் இதன் பயனை மறுப்பதற்கில்லை. ஒருவர் எப்போது எழுகிறார், எத்தனை முறை குளியலறை செல்கிறார் என்பது பிறர் அறியும் செய்தியாவதற்கு அவர் மனமுவந்து இசையவேண்டும் என்பதிலும் ஐயமில்லை. இசைவு கேட்பது அவர் மொழியில் நிகழவேண்டும். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் இவ்விளக்கங்களைத் தெளிந்த தமிழில் எழுதித் தருவது மொழியாசிரியரும் ஆய்வாளரும் ஏற்கத்தக்க பணி. உணர்கருவி, செயலி, தரவு ஆகிய சொற்கள் இளையோரிடம் வழங்கினும், எண்பது அகவையான பாட்டியாரிடம் அவற்றைச் சொல்லிவிட்டு ஒப்பம் பெறுவது இசைவாகாது. ‘நீங்கள் நடமாடாவிட்டால் இது உங்கள் மகளுக்குச் சொல்லும்’ என்று கூறினால் அவர்க்கு விளங்கும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவரே விடை கூறுவார்.