மிதிவண்டித் திறன் சோதனை

மிதிவண்டித் திறன் சோதனை என்பது, பெடலை மிதிப்பவரின் திறனை வாட் கணக்கில் அளந்து அதைக் கொண்டு அவரது உடல் தகுதியைக் கணிக்கும் முறை. சைக்கிள் பந்தயக்காரர்கள் இதை ‘எஃப்டிபி டெஸ்ட்’ என்பார்கள். அளப்பதற்குரிய பவர் மீட்டர் கிராங்கிலோ பெடலிலோ பின்சக்கரத்தின் நடுவிலோ பொருத்தப்படுகிறது. மிதிக்கும்போது உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவிலிருந்து முறுக்குவிசையைக் கணித்து, சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆய்வகத்து நிலைவண்டியில் மட்டும் பார்க்க முடிந்த இந்த எண்ணைச் சாலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், 1986இல் எஸ்ஆர்எம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர்.

வேகத்தை வைத்து உடலை எடைபோட முடியாது. எதிர்காற்றில் மணிக்கு 25 கி.மீ. ஓட்டுவதும் பின்காற்றில் 35 கி.மீ. ஓட்டுவதும் ஒரே உழைப்பாக இருக்கலாம். வாட் கணக்குக்குக் காற்றும் ஏற்றமும் பொருட்டல்ல.

எஃப்டிபி என்ற கருத்தை உருவாக்கியவர் அமெரிக்க உடற்பயிற்சியியல் அறிஞர் ஆண்ட்ரூ காகன். ஹன்டர் ஆலனுடன் சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட நூல் வழியாக அது உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் தளராமல் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்சத் திறன் என்பது அதன் சுருக்கமான பொருள். ஒரு மணி நேரம் முழு மூச்சாக மிதிக்க யாரும் எளிதில் முன்வருவதில்லை என்பதால், 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. ஆனால் மூல முறையில், அந்த 20 நிமிடத்துக்கு முன்பு 5 நிமிடம் முழு வேகத்தில் மிதிக்க வேண்டும். ஆக்சிஜன் துணையின்றி உடல் தரும் கையிருப்பைக் கரைத்துவிடத்தான் அந்த ஏற்பாடு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கையிருப்பும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடுவதால் எஃப்டிபி உள்ளதைவிட உயர்ந்து தெரிகிறது.

இந்தக் கையிருப்பைப் புரிந்துகொள்ளாமல் எந்த முடிவையும் சரியாகப் படிக்க முடியாது. பிரான்சின் மோனோவும் ஷெரேரும் 1965இல் தசைகளின் உழைப்பை ஆராய்ந்து கண்ட தொடர்பு இங்கே உதவுகிறது. சோர்ந்து நிற்கும்வரை செய்த மொத்த வேலையும் அதற்கு ஆன நேரமும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. கோட்டின் சாய்வு மாறுநிலைத் திறன். அதை மாத வரவு எனலாம். நேரம் பூச்சியமாகும் இடத்தில் மிஞ்சுவது கையிருப்பு. வரவுக்கு மேல் செலவு செய்யும் ஒவ்வொரு நொடியும் கையிருப்பு கரையும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 3 நிமிடம் 350 வாட்டும், வேறொரு நாளில் 12 நிமிடம் 275 வாட்டும் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை 63 கிலோஜூல், இரண்டாவது 198. வித்தியாசமான 135 கிலோஜூலை 540 நொடியால் வகுத்தால் 250 வாட் வருகிறது. அதுவே மாறுநிலைத் திறன். 3 நிமிடத்தில் அந்த 250 வாட் செய்யும் வேலை 45 கிலோஜூல். மீதி 18 கையிருப்பிலிருந்து வந்தது. இவரது 20 நிமிடச் சராசரி 265 வாட்டை ஒட்டி இருக்க வேண்டும். 95 சதவீதம் 252.

இப்போது அதே 250 வாட் மாறுநிலைத் திறன் கொண்ட இருவரைப் பார்ப்போம். ஒருவரின் கையிருப்பு 10 கிலோஜூல், மற்றவருடையது 25. சோதனையில் முன்னவர் 258 வாட்டும் பின்னவர் 271 வாட்டும் காட்டுவார்கள். 95 சதவீதக் கணக்கில் எஃப்டிபி 245, 257 என்று வரும். 12 வாட் இடைவெளி முழுவதும் கையிருப்பின் வேலை. நிமிடத்துக்கு நிமிடம் சுமையை ஏற்றிக்கொண்டே போய், கடைசி நிமிடத் திறனில் 75 சதவீதத்தை எஃப்டிபியாகக் கொள்ளும் ராம்ப் சோதனையில் இந்தப் பிழை இன்னும் பெருகும். அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது என்பதே அதன் கவர்ச்சி. பாய்ந்து ஓடும் ஸ்பிரின்ட் வீரருக்கோ அது தாங்க முடியாத பயிற்சி அளவுகளைத் தந்துவிடும். வெவ்வேறு கால அளவுள்ள இரண்டு மூன்று முயற்சிகளை வைத்துக் கணிப்பதே என் பார்வையில் நேர்மையான வழி.

வாட்டை உடல் எடையால் வகுப்பது அடுத்த படி. பயிற்சியில்லாத ஆணுக்குக் கிலோவுக்கு 2 வாட்டை ஒட்டியும், உலகத்தர ஆண் வீரர்களுக்கு 6ஐ ஒட்டியும் எஃப்டிபி இருக்கும் என்பது காகனின் அட்டவணை. ஏற்றத்தில் இந்த விகிதம்தான் பேசும். 60 கிலோ எடையில் 240 வாட் தருபவர் கிலோவுக்கு 4. 80 கிலோவில் 300 தருபவர் 3.75. மலையில் முன்னவர் முந்துவார். சமவெளியில் பெரும்பாலும் காற்றோடுதான் போராட்டம் என்பதால், பின்னவரின் கூடுதல் 60 வாட் அவரை முன்னே கொண்டுபோகும்.

உச்ச ஆக்சிஜன் நுகர்வையும் வாட்டிலிருந்து கணிக்கலாம். கிலோவுக்கான வாட்டை 10.8ஆல் பெருக்கி 7ஐக் கூட்டுவது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரம். ராம்ப் சோதனையின் கடைசி நிமிடத்தில் 330 வாட் தந்த 70 கிலோக்காரருக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 58 மில்லிலிட்டர் என்று வரும். இதை அளவீடாகக் கருதக் கூடாது. ஒருவர் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதமும் இன்னொருவருக்கு 24 சதவீதமும் பெடலைச் சேர்ந்தால், ஒரே வாட்டுக்கு முன்னவருக்கு ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவை.

கருவியின் பிழையும் உண்டு. ஒன்றரை சதவீதம் முன்பின்னாகக் காட்டும் மீட்டரில் 250 வாட் என்பது 246 முதல் 254 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆறு வாரப் பயிற்சியில் 3 வாட் ஏறியது என்று மகிழ இடமில்லை. இடது காலை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் கருவி, 48க்கு 52 என்ற விகிதத்தில் மிதிப்பவரின் 250 வாட்டை 240 என்று காட்டும். ஓட்டத் தொடங்கும்முன், பெடலில் காலை வைக்காமல் கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவராவிட்டால் வெப்பநிலை மாற்றமே வாட்டாகப் பதிவாகிவிடும். மின்விசிறி இல்லாத அறையில், வண்டியை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் செய்த சோதனையைச் சாலைச் சோதனையோடு ஒப்பிடுவதும் வீண்.

முடிவைப் படிக்கும்போது சராசரியை மட்டும் பார்க்காமல் வாட் வரைபடக் கோட்டின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். முதல் 3 நிமிடம் 300 வாட்டில் ஏறி, பிறகு படிப்படியாக 230க்கு இறங்கியிருந்தால் அந்த 20 நிமிடம் தகுதியைவிட அவசரத்தையே காட்டுகிறது. அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு சில வாரங்களில் குறைந்திருந்தால், எஃப்டிபி அசையாமல் நின்றாலும் உடல் முன்னேறியிருக்கலாம். வெயிலும் தூக்கமின்மையும் அந்தத் துடிப்பை மாற்றும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் களைப்பில்லாத உடலின் எண்கள். நீண்ட பந்தயங்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது மணி நேரத்தில்தான் முடிவாகின்றன. அதனால் பயிற்சியாளர்கள் 3 மணி நேரம் ஓட்டவிட்டு அதே 20 நிமிடத்தை மறுபடி அளக்கிறார்கள். காலையில் ஒரே 265 வாட் காட்டிய இருவரில் ஒருவர் அப்போது 255 தரலாம், மற்றவர் 225க்கு இறங்கிவிடலாம்.