செரெங்கெட்டிப் புல்வெளி: பிரயாணத்துக்கு முன் ஒரு சரித்திரம்

என்னிடம் படித்து இப்பொழுது தலைநகரில் கணக்காளராயிருக்கும் ஓர் அன்பர் சென்ற மாதம் பள்ளிக்கு வந்திருந்தார். மனைவி மக்களுடன் கிழக்காப்பிரிக்கா சென்று சிங்கம், யானை, வரிக்குதிரை முதலியவற்றை அவை வாழும் புல்வெளியிலேயே காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. “எந்த மாதம் போகலாம் சார்? போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேட்டார். முதற் கேள்விக்கு விடை நாலு வரியில் அடங்கும். இரண்டாவது அப்படி அடங்குவதன்று. ஆகவே இக்கட்டுரை.

புல்வெளி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது லாலான் காடு. தோட்டத்தில் அதற்கு மரியாதை கிடையாது. மருந்தடித்து அழிப்பதே வழக்கம். டான்சானியாவின் வடபகுதியில் உள்ள செரெங்கெட்டி அவ்வகையைச் சேர்ந்ததன்று. தேசியப் பூங்காவின் பரப்பு மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். நமது திரங்கானு மாநிலத்தைவிடப் பெரிது. அதன் தென்பகுதியில் எரிமலைச் சாம்பல் படிந்து, மண்ணுக்கடியில் கற்பாறைபோல் இறுகியிருக்கிறது. மரத்தின் வேர் அதைத் துளைத்துக்கொண்டு இறங்காது. புல்லின் வேருக்கு மேல்மண்ணே போதும். அந்தக் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் எரியச் சத்தும் மிகுதி. கன்றீன்ற தாய்க்கு வேண்டியவை அவைதாம்.

இதனால்தான் வில்டபீஸ்ட் என்னும் மிருகம் ஆண்டுதோறும் அங்கே திரும்புகிறது. மாட்டின் தலையும் குதிரையின் வாலும் கொண்டதுபோல் தோன்றினும், அது மானினத்தைச் சேர்ந்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை மந்தைகள் தெற்கே இருக்கும். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களில் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். மழை ஓய்ந்து தெற்கில் புல் காய்ந்ததும் மேற்காகவும் வடக்காகவும் நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றங்கரைகளில் மேயும். நவம்பர் மழைக்குத் தெற்கே திரும்பும். ஆகவே கன்றுகளைக் காண விரும்புவோர் பிப்ரவரியிலும், ஆறு கடக்கும் காட்சியைக் காண விரும்புவோர் ஆகஸ்டை ஒட்டியும் செல்லலாம். மழை முன்பின்னாக வந்தால் மந்தையும் முன்பின்னாகத்தான் வரும். முதற் கேள்விக்கு விடை இவ்வளவே.

இனிச் சரித்திரம். சபாரி என்பது சுவாஹிலிச் சொல். பிரயாணம் என்று பொருள். அரபு மொழியிலிருந்து அங்கே போனது. பிரயாணியை முசாபிர் என்று நம் மலாய் அன்பர்கள் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லுக்கு வேட்டை என்ற பொருள் ஏறியது வெள்ளையர் காலத்தில். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அதற்குச் சுமார் 32,000 தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர், பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். 1898-இல் சாவோ ஆற்றுப்பாலம் கட்டியவர்களில் சிலரை இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து இழுத்துச் சென்ற கதை உலகறிந்தது. நோயினால் இறந்தவர்களைப் பற்றித்தான் யாரும் கதை எழுதவில்லை. அந்தப் பாதை வழியே 1909-இல் வந்தவர் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். அவரும் அவருடைய மகனும் சுட்டு வீழ்த்தியவை 512 பிராணிகள். பொருட்காட்சிச் சாலைக்காக என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் துப்பாக்கியைக் காட்டிலும் அப்புல்வெளியை மாற்றியது ஒரு மாட்டு நோய். தமிழ்நாட்டு உழவர் வெக்கை என்று அழைத்த அதே நோய்தான். 1880-களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் வடகிழக்கு முனையில் கப்பலில் வந்திறங்கிய மாடுகளோடு அது நுழைந்தது. 1890-ஆம் ஆண்டளவில் மாசாய் மக்களின் நாட்டை எட்டியது. மாசாய் மக்களுக்கு மாடுதான் உணவு, மாடுதான் செல்வம், மாடுதான் சீர்வரிசை. பத்தில் ஒன்பது மாடுகள் மடிந்தன. பின்னால் பஞ்சமும் அம்மையும் வந்தன. 1892-இல் அவ்வழியே சென்ற ஆஸ்கர் பௌமன் என்னும் ஆஸ்திரியப் பிரயாணி, எலும்பும் தோலுமாக வந்து கையேந்திய மக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மாசாய் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டிருக்கலாம் என்பது அவர் மதிப்பு. வில்டபீஸ்ட்டும் காட்டெருமையும் அதே நோயில் விழுந்தன. பின்னால் வந்த ஐரோப்பியர் ஆளரவம் குறைந்த ஒரு நிலத்தைக் கண்டு, இதுவே ஆதி நாள் தொட்டு இருந்த இயற்கை என்று எண்ணிக்கொண்டனர். வீட்டுக்காரர் இறந்த வீட்டைப் பார்த்துவிட்டு, இங்கே எக்காலத்திலும் யாரும் குடியிருந்ததில்லை என்று சொல்வது போன்றது அது.

1951-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் எல்லையைப் பற்றி வழக்கு எழுந்தபோது ஜெர்மனியிலிருந்து பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவருடைய மகன் மைக்கேலும் வரிக்குதிரை போல் கோடு தீட்டிய சிறு விமானத்தில் வந்து மிருகங்களை வானிலிருந்து எண்ணினார்கள். 1959 ஜனவரியில் ஒரு கழுகு மோதி விமானம் விழுந்தது. 24 வயதான மைக்கேல் இறந்தார். அவர்கள் எடுத்த திரைப்படம் 1960-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. உலகத்தின் கண்களைச் செரெங்கெட்டியின் பக்கம் திருப்பியவர் கிரிசிமெக் என்பதில் ஐயமில்லை. ஆனால் தேசியப் பூங்காவில் மனிதர் எவருமே, அந்நாட்டாரேயாயினும், குடியிருத்தல் கூடாது என்பது அவர் கொள்கை. 1958-இல் மாசாய் மூப்பர் 12 பேர் வெளியேறச் சம்மதித்து ஒப்பமிட்டனர் என்று ஒரு பத்திரம் உண்டு. 1959-இல் அம்மக்கள் கிழக்கே உள்ள கொரொங்கொரோ மேட்டுக்கு மாற்றப்பட்டனர். அங்கே வாழும் உரிமை என்றும் இருக்கும் என்று சொல்லப்பட்டது. அங்கும் 1975-இல் பயிர் செய்வதற்குத் தடை வந்தது. 2022 முதல் அங்கிருந்தும் குடும்பங்கள் தொலைவிலுள்ள மொசொமேரா என்னும் ஊருக்குக் குடிபெயர்க்கப்பட்டு வந்தன. அரசாங்கம் இதனை மனமுவந்த பெயர்ச்சி என்றது. மாசாய் மக்களில் பலர் அவ்வாறு சொல்லவில்லை. தோட்டம் விற்கப்பட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என் பள்ளியிலும் படித்திருக்கிறார்கள். ஒப்பமிட்ட தாள் ஒன்று இருப்பதும் மனம் ஒப்பியதும் ஒன்றல்ல என்பதை நான் அவர்களிடமிருந்து அறிந்தேன்.

இச்சரித்திரத்தில் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. 1961-இல் சுமார் இரண்டரை லட்சமாயிருந்த வில்டபீஸ்ட், 1977-இல் ஏறத்தாழ 13 லட்சமாயிற்று. காவற்காரரை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. பூங்காவைச் சுற்றியிருந்த நாட்டு மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போடப்பட்டதே பெருங் காரணம். வால்ட்டர் ப்ளௌரைட் என்னும் கால்நடை மருத்துவர் கென்யாவில் உருவாக்கிய தடுப்பு மருந்து அப்பணியை முழுமையாக்கியது. ஆண்டுதோறும் ஒரு வயதுக் கன்றுகளைக் கொன்றுவந்த நோய் 1963-ஓடு மந்தைகளை விட்டு நீங்கியது. (2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது, பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அது.) மந்தை பெருகவே புல் மேயப்பட்டது; காய்ந்த புல் குறையவே காட்டுத்தீ குறைந்தது; தீ குறையவே இளமரங்கள் தலைதூக்கின. மாட்டுக்குப் போட்ட ஊசி மரத்தை வளர்த்தது என்றால் என் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே.

அன்பருக்கு நான் சொன்னது இது: ஆருஷா நகரிலிருந்து புறப்பட்டால் வழியில் கொரொங்கொரோ வரும். எரிமலை வாயின் விளிம்பில் கிரிசிமெக் தந்தைக்கும் மகனுக்கும் கல் நாட்டியிருக்கிறார்கள், நின்று பாருங்கள். சாலையோரத்தில் செந்துகில் அணிந்து மாடு மேய்ப்பவரைக் கண்டால், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆளுக்கொரு தொலைநோக்காடி கொண்டுபோங்கள். ஒன்றையே குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொண்டால் முறை வருவதற்குள் சிறுத்தை போய்விடும். பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். 2019 முதல் அந்நாட்டில் அவற்றுக்குத் தடை. மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

அவர் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்துகொண்டார். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை அதற்கு ஒத்துவருமா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறார்.