சிறைக்காவலர் பணி (காரைக்கால்)

சிறைக்காவலர் பணி என்பது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில், நீதிமன்றம் காவலில் வைத்தவர்களைக் காத்தும் பேணியும் வரும் அரசுப் பணியாகும். தரைப்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டாலும் கிழக்கே வங்கக் கடலாலும் சூழப்பட்ட காரைக்காலின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,00,222. இங்குள்ள கிளைச் சிறை பெரும்பாலும் விசாரணைக் கைதிகளுக்கானது. அதில் வேலை பார்ப்பவர்களை ஊர் மக்கள் ‘வார்டர்’ என்றே அறிவர். அவர்கள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன தண்டனை என்பதைச் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதிவைத்துவிட்டது. அவர்களுடைய ஓய்வு, பயிற்சி, மதிப்பு ஆகியவற்றைப் பற்றிய பேச்சு வெகு தாமதமாகத்தான் தொடங்கியது. இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது.

பிரெஞ்சுக் காலம்

தஞ்சை மராத்தியர் ஆட்சிக் காலத்தில், 1739இல், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதைத் தவிர்த்தால், 1954 நவம்பர் 1 வரை அவர்களின் ஆட்சிதான். புதுச்சேரி ஆளுநருக்குக் கட்டுப்பட்ட நிர்வாகி ஒருவர் காரைக்காலில் இருந்து எல்லாத் துறைகளையும் மேற்பார்த்தார். பிரான்சிலேயே சிறை நிர்வாகம் 1911 வரை உள்துறையின் கீழ்தான் இருந்தது. அந்த ஆண்டுதான் நீதித் துறைக்கு மாறியது. ஆகவே சிறைக்காவல் ஒரு தனித் தொழில் என்ற எண்ணம் அக்காலத்தில் காலனிகளில் வேரூன்றாததில் வியப்பில்லை.

காரைக்கால் சிறைக்காவலர் வரலாற்றின் செழுமையான அத்தியாயம் காரைக்காலில் நடக்கவில்லை, சைகோனில் நடந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழி செய்தது. அதற்கு முன்னரே புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்து, அந்த உரிமைக்காக வழக்காடி, இந்தத் துறப்பு இயக்கத்துக்கு முகமாகியிருந்தார். வழக்குச் சட்டத்தைத் துறந்தவர்களில் பலர் வியட்நாமின் பிரெஞ்சுக் காலனியான கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறினர். போலீஸ், சுங்கம், கலங்கரை விளக்கம், வரி வசூல் ஆகியவற்றோடு சிறைக்காவல் வேலையும் அவர்களுக்குக் கிடைத்தது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் ‘சைகோன் வேலை’ என்ற சொல்லுக்கு இருந்த கவர்ச்சிக்குப் பின்னால் இத்தகைய காக்கிச் சட்டைகளும் இருந்தன.

அங்கே அவர்கள் நின்ற இடம் கடினமானது. மேலே பிரெஞ்சு அதிகாரி, கீழே வியட்நாமியக் கைதி. ஒருவருக்கு இவர்கள் கறுப்பர், மற்றவருக்கு ஆட்சியாளரின் கையாள். ஆயினும் இவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. பிரெஞ்சுக் குடிமக்களாகிவிட்ட பிறகு ஐரோப்பிய ஊழியருக்குரிய சம்பளமும் விடுப்பும் தங்களுக்கு ஏன் மறுக்கப்படுகின்றன என்று பிரெஞ்சிந்திய ஊழியர்கள் கேட்டனர். அந்த வாதம் பல ஆண்டுகள் நீண்டது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற காவலர்கள் பணி நிலைமைக்காகக் குரல் கொடுத்த வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதே வேளையில், அவர்கள் காவல் காத்தது ஓர் அயல் ஆட்சியின் சிறையை என்பதையும் மறைக்க முடியாது. சிறைக்குள் இருந்த வியட்நாமிய விடுதலைப் போராளிகளுக்கு இவர்களின் சம்பள வழக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

இணைப்பும் 1894ஆம் ஆண்டுச் சட்டமும்

1954இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுச் சட்டங்களின் இடத்தில் இந்தியச் சட்டங்கள் 1963, 1968 ஆண்டுகளில் வரிசையாக நீட்டிக்கப்பட்டன. இந்தியச் சிறைகளின் அடிப்படைச் சட்டமோ 1894இல் ஆங்கிலேயர் இயற்றியது. ஒரு காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட ஊர், வேறொரு காலனி ஆட்சியின் சிறைச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

அந்தச் சட்டத்தை ஒரு வார்டரின் கண்ணோடு படித்துப் பார்க்க வேண்டும். சிறை அலுவலர், அதாவது ஜெயிலர், சிறையிலேயே குடியிருக்க வேண்டும். கண்காணிப்பாளர் எழுத்தில் அனுமதித்தால்தான் வெளியே தங்கலாம். கைதிகளோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது. 54ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: கடமை தவறினாலோ, விடுப்பு முடிந்தும் வேண்டுமென்றே திரும்பாமல் இருந்தாலோ, அனுமதி பெறாமலும் இரண்டு மாத முன்னறிவிப்பு தராமலும் வேலையை விட்டு விலகினாலோ, கோழைத்தனம் காட்டினாலோ, 200 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வேலையை விட்டு நின்றதற்காகத் தான் காவல் காத்த இடத்துக்கே கைதியாகப் போக நேரிடும் என்ற நிலை. இத்தனை நுணுக்கமாகக் கடமைகளை வகுத்த சட்டத்தில், ஒருவர் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் பாரா நிற்கலாம் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

அன்றாட வேலை

கிளைச் சிறையின் நாள் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடிகிறது. காலையில் அறைகளைத் திறந்து தலைகளை எண்ணி, பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து, ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் வேறு எந்த வேலையும் நடக்காது. பிறகு நீதிமன்றத்துக்குப் போகிறவர்களை வழிக்காவல் போலீசாரிடம் ஒப்படைப்பது, மருத்துவமனைக்கு அனுப்புவது, ‘மனு’ பார்க்க வரும் உறவினரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, சோப்பைத் துளைத்துப் பார்ப்பது. மாலையில் மீண்டும் எண்ணி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவிக் கொத்தை ஒப்படைக்க வேண்டும். புதிதாக வந்தவர் முதல் இரவில் தூங்குகிறாரா, துண்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று கம்பி வழியாகப் பார்ப்பதும் அதே வார்டரின் வேலைதான். காவலில் நேரும் ஒவ்வொரு சாவையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1993இல் உத்தரவிட்டது. கைதியின் உயிருக்கு அது தந்த பாதுகாப்பு பெரிது. இரவுப் பாராவில் தனியாக நிற்பவரின் பொறுப்பும் அதோடு கூடியது.

ஓர் இடத்தில் இரவும் பகலும் ஒருவர் நிற்க வேண்டுமானால், எட்டு மணி நேர முறையில் மூவர் தேவை. வார ஓய்வு, விடுப்பு, பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் நான்கு பேருக்கு மேல் வேண்டும். பெரிய மத்திய சிறையில் இருவர் வராவிட்டாலும் வேறு பிளாக்கிலிருந்து ஆளை மாற்றிச் சமாளிக்கலாம். சிறிய சிறையில் அந்த வசதி இல்லை. பெண் கைதியைப் பெண் ஊழியரே சோதிக்க வேண்டும் என்பதும், ஆண், பெண், இளையோரைப் பிரித்து வைக்க வேண்டும் என்பதும் சிறை எவ்வளவு சிறியதானாலும் மாறாத விதிகள். உள்ளே ஒரே ஒரு பெண் கைதி இருந்தாலும் பெண் காவலருக்கு நாள் முழுதும் முறை போட்டாக வேண்டும்.

தொலைவும் இடமாற்றமும்

காரைக்காலின் நில அமைப்பு இந்தப் பணிக்குத் தனிச் சுமை. நீண்ட தண்டனை பெற்றவர்களைப் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள காலாப்பட்டு மத்திய சிறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வழியில் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என 130 கிலோமீட்டருக்கும் அதிகமான பயணத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கிறது. ஒன்றியப் பகுதியின் மற்ற இரு துண்டுகளில் மாகே கேரளக் கரையிலும், ஏனாம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலும் உள்ளன. புதுச்சேரி அரசு ஊழியர் என்றால் இந்த நான்கில் எங்கும் பணியமர்த்தப்படலாம். ஏனாமுக்கு மாற்றப்படும் காரைக்கால்காரருக்குத் தூரம் 800 கிலோமீட்டரைத் தாண்டும், மொழியும் மாறும்.

குழுக்களும் காலியிடங்களும்

நீதிபதி ஏ. என். முல்லா தலைமையிலான அகில இந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு (1980–83), சிறைப்பணிக்கென அகில இந்திய அளவில் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்றது. அது இன்றுவரை உருவாகவில்லை. தென் மாநிலங்களுக்காக 1979இல் வேலூரில் தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனம் அக்கறையின் உருப்படியான அடையாளம். 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்ற அளவைக் காட்டியது. ஆனால் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். இடமோ 4,36,266 பேருக்கு மட்டுமே. சிறைப் பணியிடங்களில் ஏறத்தாழ முப்பது சதவீதம் நிரப்பப்படாமல் கிடந்தது. நிரப்பாத ஒவ்வோர் இடத்தின் வேலையையும் இருப்பவர்களே கூடுதல் முறையாகச் செய்கிறார்கள். களைத்த காவலரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அந்தக் களைப்பின் விலையைக் கைதியும் கொடுக்கிறார்.

இதைக் கூட்டாகக் கேட்கவும் வழி குறுகியது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், ‘தொழிலாளர்’ என்ற வரையறையிலிருந்து போலீசாரையும் சிறை ஊழியரையும் வெளிப்படையாக விலக்கியது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுத் தொகுப்பும் அந்த விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. சைகோனில் பிரெஞ்சிந்தியர் எழுப்பிய சம்பளக் கேள்வியை இன்றைய காவலர் மனுவாக மட்டுமே எழுத முடியும்.

பொது மதிப்பு

தமிழில் சிறையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் உள்ளே இருந்தவர்களுடையது. வ.உ.சி.யின் சுயசரிதை அதில் தலையாயது. நாடு விடுதலைக்குப் போராடிய காலத்தில் வார்டர் அயல் அரசின் ஆளாகவே தெரிந்தார். திரைப்படங்கள் அந்த உருவத்தை மாற்றாமல் தொடர்ந்தன. 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில், கைதி ஒருவரின் மரணத்தையொட்டி மூண்ட கலவரத்தில் துணைச் சிறை அலுவலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகளும் மாண்டனர். இரு தரப்பு உயிர்களும் ஒரே மதிலுக்குள் ஒரே நாளில் போயின. பணியில் இறந்த போலீசாரை நாடு அக்டோபர் 21 அன்று நினைக்கிறது. சிறைத் துறைக்கு அதற்கு இணையாக நாடறிந்த நாள் இல்லை. அமெரிக்காவில் 1984 முதல் மே மாதத்தில் ஒரு வாரம் சிறைக்காவலருக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 74ஆவது, சிறைப்பணி பெரும் சமூகத் தொண்டு என்ற உணர்வை ஊழியரிடமும் பொதுமக்களிடமும் வளர்ப்பதை நிர்வாகத்தின் கடமையாக்குகிறது.

இந்தியாவில் சிறைப்பணிக்கெனக் குடியரசுத் தலைவர் பதக்கங்கள் தனியே வழங்கப்பட்டுவந்தன. 2024 குடியரசு நாள் முதல், போலீஸ், தீயணைப்பு, ஊர்க்காவல், சிறைத் துறைகளுக்கான பதினாறு பதக்கங்கள் நான்காக இணைக்கப்பட்டன. இதனால் காரைக்கால் வார்டரும் வீரத்துக்கான பதக்கத்தைப் போலீஸ்காரர் பெறும் அதே பெயரில் பெறலாம். ஆனால் சிறையில் நல்ல பணி என்பது பெரும்பாலும் எதுவும் நடக்காமல் விடிந்த இரவுதான். அதற்குப் பரிந்துரைக் கடிதம் எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. பதக்கத்துக்கு முன்பாக நேரத்துக்கு வரும் மாற்றாள், வார ஓய்வு, சிறைக்கு அருகில் குடியிருப்பு ஆகிய மூன்றும் கிடைத்தால், காரைக்கால் கிளைச் சிறை போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அது உடனே உணரக்கூடிய மதிப்பாக இருக்கும். 2023இல் மத்திய அரசு மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் அனுப்பிய மாதிரிச் சிறைகள், சீர்திருத்தப் பணிகள் சட்டம், 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை நிரப்புவதற்காக எழுதப்பட்டது.