திருத்துதல் என்றொரு கலை

யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'றேடியோ திருத்துதல்' என்றுதான் சொல்வோம். மாணவனின் கொப்பியைத் திருத்துவதும், ஏட்டுப் பிரதியின் பாடத்தைத் திருத்துவதும், காட்டு நிலத்தைத் திருத்திக் கழனியாக்குவதும், பேச்சற்றுப்போன வானொலிப் பெட்டியைத் திருத்துவதும் எங்களுக்கு ஒரே சொல்தான். தமிழ் படிப்பிப்பது என் தொழில். பழைய வானொலிப் பெட்டிகளை வீட்டில் வைத்துத் திருத்துவது என் பழக்கம். இந்த இரண்டு வேலைகளும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கியது. 1949இல் 'றேடியோ சிலோன்' என்ற பெயர் வந்தது. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும், 'சானா' சண்முகநாதனின் 'இலண்டன் கந்தையா' நாடகமும் கடல் கடந்து தீவுகளுக்கும் வந்தன. மனிதரும் சரக்கும் பத்திரிகையும் வள்ளத்துக்காகக் காத்துக்கிடந்த ஊர்களுக்குக் காத்திருக்காமல் வந்து சேர்ந்தது குரல் ஒன்றுதான்.

ஆனால் அந்தக் குரலைப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. மின்சாரத்தில் ஓடும் வால்வு றேடியோக்கள் பலவற்றுக்கு உள்ளே இருநூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். மின்சாரம் இல்லாத இடங்களுக்கென்று செய்யப்பட்ட வால்வுப் பெட்டிகள் 90 வோல்ற் பற்றரி ஒன்றையும், வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ற் பற்றரி ஒன்றையும் கேட்டன. 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ரான்சிஸ்டர் இந்த நிலையை மாற்றியது. 1954இல் முதலாவது ரான்சிஸ்டர் றேடியோ விற்பனைக்கு வந்தது. பின்னர் நான்கு ரோச் பற்றரிகள் இருந்தால் உலகமே வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும் என்றாயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு போன்ற ஊர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை பட்டணத்தாரைவிட நன்றாகவே தெரியும்.

தீவுகளில் றேடியோவின் முதற் பகை உப்புக் காற்று. செம்புக் கம்பியிலே பச்சை படரும். இரும்புச் சட்டம் துருவேறும். ஒலி கூட்டிக் குறைக்கும் திருகு கரகரக்கும். பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தால் அதை உடனே மின்சாரத்தில் மாட்டக்கூடாது. முதலில் தூசி தட்டித் துடைத்துக் கொண்டன்சர்களைப் பார்க்க வேண்டும். மின்பகு கொண்டன்சருக்குள் இருக்கும் ஈரப்பசை ஆண்டுக்கணக்கில் உலர்ந்துபோயிருக்கும். கடதாசிக் கொண்டன்சர் மின்னைத் தடுக்காமல் கசியவிடும். கரித் தடைகளின் அளவு காலப்போக்கில் கூடியிருக்கும். அவசரப்பட்டு மின்சாரம் கொடுத்தால், பிழைத்திருந்த மின்மாற்றியும் கருகிப்போகும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, எஞ்சிய சிறு உயிரையும் கறந்தெடுத்த காலம் அது. அப்போது நான் சிறுவன். பற்றரியும் கிடைக்காமற் போனபோது சைக்கிள் டைனமோ கைகொடுத்தது. விளக்கெரிக்கச் செய்யப்பட்ட அந்த டைனமோ 6 வோல்ற் தரும். ஆனால் அது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலம்போல இணைத்து, ஒரு பெரிய கொண்டன்சரையும் சேர்த்தால் ஓட்டம் நேராகும். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் உடைந்த வேறொரு றேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்தவை. ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் பெட்டியைச் சூழ்ந்திருந்து பீ.பீ.சி. தமிழோசையைக் கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். யார் இறந்தார், எந்த ஊரில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்றன.

1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளின் மக்களில் மிகப் பலர் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் ஆளரவமற்ற அந்த ஊர்களைப் பாடிய 'காற்றுவெளிக் கிராமம்' 1995இல் நூலாயிற்று. வெறுமையான அந்த வீடுகளில் விடப்பட்டவற்றுள் றேடியோக்களும் இருந்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளும் ஊரைவிட்டுப் போயின. பல கைகள் நாட்டையே விட்டுப் போயின.

இன்று உலகெங்கும் பழைய ஒலிக்கருவிகளைப் புதுப்பிப்பது ஒரு பெரும் விருப்பமாகியிருக்கிறது. அதில் இரண்டு கட்சிகள் உண்டு. பெட்டி பிறந்தபடியே இருக்க வேண்டும், பழைய பாகத்தில் கைவைக்கக்கூடாது என்பது ஒரு கட்சி. பெட்டி பாடவேண்டும், அதற்காக எதையும் மாற்றலாம் என்பது மற்றது. பதிப்புத்துறையை அறிந்தவர்களுக்கு இது பழகிய வழக்குத்தான். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு முன்னும் இதே வினா இருந்தது. ஏடு சிதைந்த இடத்தை அப்படியே விடுவதா, பொருள் விளங்கத் திருத்துவதா? பழைய கொண்டன்சரின் கூட்டைக் குடைந்து அதற்குள் புதியதை மறைத்துவைப்போர் உண்டு. நான் புதியதை வெளியே தெரியவே வைத்து, கழற்றிய பழையதை ஓர் உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். திருத்தம் எது, மூலம் எது என்று பின்னால் வருகிறவர் அறியவேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கசெற் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்களுக்குக் கடிதமாகவே இருந்தது. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்குத் தாய் பேசி அனுப்பிய கசெற், நாட்டுக்கூத்துப் பாட்டு, செத்தவீட்டு ஒப்பாரி எல்லாம் இன்னும் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. நாடாவில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதை வாசிக்கும் கருவியின் இறப்பர் பட்டியோ தாராக உருகிப்போகிறது. பட்டி தளர்ந்த கருவியில் போட்டால் தாயின் குரல் ஆண்குரலாக இழுபடும். நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடினால்தான் அது அவருடைய குரல். சரியான வேகமும் ஒருவகையில் சரியான பாடமே.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். எழுத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற உணர்வு அந்த நெருப்பிலிருந்து வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. ஆனால் நாடாவிலுள்ள குரலை வெளியே எடுக்க முதலில் ஒழுங்காக ஓடும் பழைய கருவி ஒன்று வேண்டும். அதைத் திருத்தத் தெரிந்த ஒருவரும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரில் இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்களிடம் போங்கள். பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு வராமல், அருகிலிருந்து அந்த வேலையையும் பார்த்துப் பழகுங்கள். நெருப்பு நூலகத்தை ஓர் இரவில் அழித்தது. நாடாவில் உள்ள குரல்களோ ஓசைப்படாமல் அழிகின்றன. அவை அழிவது நமக்குக் கேட்பதில்லை.